பதினொரு ஜன்னல்

சூசையப்பர் தலைகீழாகத்தான் கிடைத்தார்.

தக்காளி நாற்று வைக்கலாம் என்று வாசல் படிக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறியிருக்கிறாள் மிக்டாலியா ரொசாடோ. முதலில் தட்டுப்பட்டது இரண்டு பாதங்கள். பிடித்து இழுத்தால் முழு ஆளும் வந்துவிட்டார். நாலு அங்குல பிளாஸ்டிக் சிலை, தச்சுவேலை செய்த புனிதர் இல்லையா, கையில் தச்சனின் மூலைமட்டம், முகம் முழுக்க மண். கழுவித் துடைத்து, சமையலறைத் தொட்டி ஓரத்தில் நிறுத்திவிட்டு எங்களுக்குப் போன் செய்தாள்.

எங்களுக்கு என்றால் வெர்லீன் டப்ஸுக்கு. இருபத்தாறு வருடம் பஃபலோ நகராட்சியில் வீட்டு ஆய்வாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வக்கீல்களுக்காகத் துப்பறிகிறார். நாலு வாரமாக மிக்டாலியாவின் வழக்கு; அதுவரை அவளை வக்கீல் ஆபீஸில்தான் பார்த்திருந்தோம். நான் எஃப்ராயின் கிலேஸ். அவருக்கு வண்டி ஓட்டுவேன், ஏணி பிடிப்பேன், அவர் சிரிக்காத ஜோக்கெல்லாம் சொல்வேன். முப்பது வருடம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்து முழங்கால் போனவன். சுவரைப் பார்த்தால் எத்தனை கோட் என்று சொல்வேன் என்பதற்காகப் போன வருடம் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

வண்டியை நிறுத்திவிட்டு வாசல் ஏறினேன். இரண்டாவது படியைத் தாண்டி மூன்றாவதில் கால் வைத்தேன். பின்னால் வந்த வெர்லீன் இரண்டாவதை மிதித்தார். பலகை ஆடியது. அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"உள்ளே சாமி இருக்காரு மேடம். பாத்துப் பேசுங்க," என்றேன்.

"அவரு மூணு வருஷம் மண்ணுக்குள்ள தலைகீழா கிடந்தவரு. இதைவிட மோசமாப் பேசியிருப்பாரு."

மிக்டாலியா கதவைத் திறந்தாள். "வாங்க தொன் எஃப்ராயின். கையை மட்டும் கழுவிடுங்க. கோபிச்சுக்காதீங்க, கிளினிக்ல சொல்லியிருக்காங்க."

அவளும் என்னைப் போல போர்ட்டோ ரீக்கோ தீவுக்காரி. எங்களவர்கள் மூத்தவர் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'தொன்' போடாமல் கூப்பிட மாட்டார்கள். நான் கையைக் கழுவினேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்.

சமையலறைத் தரையில் யாரி உட்கார்ந்து ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வயது. அவள் இரத்தத்தில் ஈயத்தின் அளவு முப்பத்தொன்று. ஐந்தைத் தொட்டாலே கிளினிக்கிலிருந்து போன் வரும். இரண்டாவது பிறந்தநாளுக்கு இருபது வார்த்தை பேசிய குழந்தை, இப்போது ஐந்துதான் பேசுகிறாள். பழைய பெயிண்டின் தூசி ஜன்னல் அடியில் விழும், தரைக்கு வரும், விரலுக்கு வரும், வாய்க்குப் போகும். அவ்வளவுதான் விஷயம். பெரிய மர்மம் எதுவும் கிடையாது.

மர்மம் வேறு இடத்தில் இருந்தது. இந்த வீடு கட்டியது 1921-இல். ஈயப் பெயிண்டுக்குத் தடை வந்தது 1978-இல். அதற்கு முன்னால் கட்டிய வீட்டை விற்கிறவர், அதில் ஈயப் பெயிண்ட் இருப்பது தெரிந்திருந்தால் வாங்குகிறவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் சொல்கிறாரா என்று பார்ப்பது ஏஜெண்டின் கடமை. தனக்கே தெரிந்திருந்தால் ஏஜெண்ட் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இந்த வீட்டு விற்பனைப் படிவத்தில் 'எதுவும் தெரியாது' என்ற கட்டத்தில்தான் டிக். கீழே, 'என் பொறுப்பை நான் அறிவேன்' என்ற வரிக்கு நேராக ஏஜெண்ட் கோலீன் ஹார்ட்னெட்டின் அழகான கையெழுத்து.

அவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க வேண்டும். அதுவும் வருகிற செவ்வாய்க்குள். அதற்குப் பிறகு வழக்குப் போடும் காலம் தாண்டிவிடும், மிக்டாலியாவும் அவள் புருஷனும் அடுத்த இருபத்தேழு வருடம் இந்த வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டு, அதே ஜன்னலுக்கு அடியில் குழந்தையை வளர்க்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை.

"மேலயும் கீழயும் ஜன்னலைக் கழட்டி மாத்தவே ஒரு கார் விலை கேக்குறாங்க," என்றாள் மிக்டாலியா.

"பதினொரு ஜன்னல்னா கேக்கத்தான் செய்வாங்க," என்றேன்.

வெர்லீன் பாதாள அறையைப் பார்க்க வேண்டும் என்றார். நான் முன்னால் போய், மளிகை அலமாரிக் கதவுக்குப் பின்னால் கைவிட்டு விளக்கைப் போட்டேன். அவர் இறங்கிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, நேராகச் சூசையப்பர் முன்னால் நின்றார்.

"மிக்டாலியா, பேப்பர்ல கையெழுத்துப் போட்ட பிறகு கோலீன் உங்க தோட்டத்துல எதையாவது தோண்டினாங்களா?"

"இல்லையே. இதை யாரு புதைச்சாங்க? சூனியமா?"

"ஏஜெண்டுங்க பழக்கம். வீடு விக்கணும்னா சூசையப்பரைத் தலைகீழா புதைப்பாங்க. சீக்கிரம் வித்துக் குடுத்தா வெளிய எடுப்போம்னு அவருகிட்ட பேரம். வித்ததும் எடுத்து, வித்தவங்க கையில குடுத்துடணும். புது வீட்டுல வச்சு மரியாதை பண்ணணும்."

"என்னையும் முப்பது வருஷம் அப்படித்தான் மேடம் வேலை வாங்கினாங்க. யாரும் எடுத்து மரியாதை பண்ணல," என்றேன்.

வெர்லீன் சிரிக்கவில்லை. "கோலீன் எதையும் மறக்கிற ஆள் இல்ல. கையெழுத்து வாங்காம தும்மக்கூட மாட்டா. அவ ஏன் இவரை மட்டும் விட்டுட்டுப் போனா? வா, வித்தவரைக் கேப்போம்."

மிக்டாலியா போட்டுக் கொடுத்த காபி மேஜைமேலேயே ஆறிக்கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

வீட்டை விற்றவர் காஸிமிர் பியோட்ரோ. எண்பத்து மூன்று வயது, ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். பக்கத்து ஊரான சீக்டோவாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒற்றை அறையில் இருந்தார். நாங்கள் போனபோது மதியத்துக்கு வந்த மீன் வறுவலை முள்கரண்டியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைச் சாப்பிட்டா மீனுக்கே அவமானம்," என்றார். "நீங்க யாரு? மகன் அனுப்பினானா?"

வெர்லீன் அவர் அலமாரியைப் பார்த்தார். ஒரு ஜெபமாலை, இறந்துபோன மனைவியின் படம், நடுவில் நாலு அங்குல பிளாஸ்டிக் சூசையப்பர். கையில் மூலைமட்டம்.

"ஐயா, இது எங்க கிடைச்சுது?"

"அதுவா? கோலீன் குடுத்தா. வீடு வித்த அன்னிக்கு அவளே மண்ணைத் தோண்டி எடுத்து, துடைச்சு, முத்தம் கொடுத்துக் குடுத்தா. நல்ல பொண்ணு."

"எந்த மாசம்?"

"மே. லைலாக் பூத்திருந்துச்சு. என் பெண்டாட்டி வச்ச செடி."

மிக்டாலியா வாங்கியது ஜூலையில். நான் வெர்லீனைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த பையிலிருந்து மண் வாசனையோடு இன்னொரு சூசையப்பரை எடுத்து, முதலாமவர் பக்கத்தில் நிறுத்தினார்.

"இரட்டைப் பிள்ளைங்களா?" என்றார் கிழவர்.

"ஒரு வீடு, ரெண்டு சூசையப்பர். அப்படின்னா வீடு ரெண்டு தடவை வித்திருக்கு. மே மாசம் வாங்க வந்தவங்க என்ன ஆனாங்க?"

கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஓடிட்டாங்க. பேங்க் லோன் கிடைக்கலைன்னு கோலீன் சொன்னா. மறுபடி புதுசா ஒண்ணு வாங்கிப் புதைச்சா. நான் ஒண்ணும் கேக்கல. எழுதியிருந்த இடத்துலலாம் கையெழுத்துப் போடுன்னா, போட்டேன்."

"வக்கீல்கிட்ட கோலீன் என்ன சொன்னாங்க தெரியுமா? முதல்ல வந்து பாத்தவங்களே வாங்கிட்டாங்க, வேற யாரும் வரலைன்னு. அப்ப மே மாசம் வந்த ஆள் யாரு?"

"பேரு தெரியாது. மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டுற பொண்ணு. பஸ்ஸைக் கொண்டுவந்து தெருவுக்கே குறுக்கா நிறுத்திட்டு வீட்டைச் சுத்திப் பாத்தா. எதிர்வீட்டுக்காரன் கத்தினான். பஸ் நம்பர் இருநூத்துப் பதினாலு. ரயில் பட்டறைல இருந்தவன், நம்பரு மறக்காது." அவர் இரண்டு சிலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த வீட்டுல சின்னப் பசங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு," என்றார் வெர்லீன்.

"லைலாக்கை அவங்க வெட்டிடலையே?"

"இல்லை," என்றேன் நான். அது உண்மைதான். சமையலறை ஜன்னல் ஓரத்தில் இன்னும் நிற்கிறது.

மூன்று மணிக்குள் பஸ் டிப்போவைப் பிடித்துவிட்டோம். இருநூற்றுப் பதினாலை ஓட்டுகிறவள் பெயர் ரெனே ஸ்டாக்டன். பஸ் படியில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தாள். வெர்லீன் தெருப் பெயரைச் சொன்னதும் சிகரெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"லோன் கிடைக்காம இல்ல. லோன் ரெடியா இருந்துது," என்றாள். "பரிசோதனைக்குப் பத்து நாள் டைம் குடுப்பாங்க இல்லையா? ஒன்பதாவது நாள், ஈயத்தைக் கண்டுபிடிக்கிற மெஷினோட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போனேன். ஜன்னல்ல வச்சான், மெஷின் கத்துச்சு. அடுத்த ஜன்னல், அதுவும் கத்துச்சு. எனக்கு அப்ப வயித்துல ஆறு மாசம். வெளிய ஓடி வந்துட்டேன்."

"ரிப்போர்ட்டை கோலீன்கிட்ட குடுத்தீங்களா?"

"நீட்டினேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டா. 'செல்லம், அதை நான் பாத்துட்டா அடுத்து வர்றவங்ககிட்ட நான் சொல்லியாகணும். மனசு மாறிடுச்சுன்னு மட்டும் எழுதிக் குடு. முன்பணத்தை ஒரு பைசா குறையாம வாங்கித் தர்றேன்'னா."

"எழுதிக் குடுத்தீங்க."

"குடுத்தேன்."

"ரிப்போர்ட்?"

"ரெண்டு தடவை வீடு மாறிட்டேன். எங்க போச்சோ. பரிசோதனை பண்ணின ஆளும் செத்துட்டான்." அவள் என்னைப் பார்த்தாள், பிறகு வெர்லீனை. "பின்னால வாங்குறவங்களும் மெஷின் வச்சுப் பாப்பாங்கன்னு நினைச்சேன்."

"அவங்களுக்குப் பத்து நாள் குடுக்கல. 'இன்னொருத்தர் காசோட நிக்குறாங்க, பரிசோதனை வேணாம்னு எழுதினா வீடு உங்களுக்கு'ன்னு சொல்லியிருக்கா. செவ்வாய்க்கிழமைக்குள்ள வக்கீல்கிட்ட வந்து இதைச் சொல்லுவீங்களா?"

"கையில ஒரு துண்டுச்சீட்டு இல்லாம வந்து என்னம்மா சொல்றது? அவ வக்கீல் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவான். அதுவும் இல்லாம..." ரெனே எழுந்து பஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நான் இருக்கற வீட்டையும் கோலீன்தான் வாங்கிக் குடுத்தா. புது வீடு. எண்பத்தஞ்சுல கட்டினது."

கதவு மூடியது. பஸ்ஸின் பக்கவாட்டில் 'குழந்தைகள் ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தது. ஒரு ஜோக் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கோலீன் ஹார்ட்னெட்டின் அலுவலகத்தில் கிண்ணம் நிறைய மிட்டாய் இருந்தது. சுவரில் அவர் விற்ற வீடுகளின் படங்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் சிரிக்கிற ஒரு குடும்பம். மிக்டாலியாவின் குடும்பமும் இருந்தது. அவள் வயிறு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

கிழவரிடம் கடன் வாங்கியதையும் சேர்த்து இரண்டு சூசையப்பர்களையும் வெர்லீன் மேஜைமேல் வைத்தார். கோலீன் அவற்றைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு மிட்டாய்க் கிண்ணத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.

"ஆமா, முன்னாடி ஒருத்தங்க வந்தாங்க, மனசு மாறிடுச்சுன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தக் கடிதம் என்கிட்ட இருக்கு. வக்கீல்கிட்ட சொல்ல மறந்துட்டேன், வயசாகுதில்லையா. ஈயம்னு எனக்கு யாராவது எழுத்துல சொல்லியிருந்தா காட்டுங்க."

"எழுத்துல சொல்ல விடாமப் பாத்துக்கிட்டீங்க."

"வெர்லீன், நீங்களும் நகராட்சில இருந்தவங்க. பேப்பர்ல இல்லாதது உலகத்துலயே இல்ல." அவர் எழுந்தார். வாசல்வரை எங்களோடு வந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார்.

"முழங்கால் இப்ப எப்படி இருக்கு, எஃப்ராயின்?"

வெர்லீன் என் பெயரை அங்கே சொல்லவே இல்லை.

வண்டியில் ஏறினோம். சாவியைப் போட்டேன். வெர்லீன் கையை நீட்டி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"காலைல ரெண்டாவது படியை மிதிக்காம தாண்டினே."

"முழங்கால் மேடம்..."

"முழங்கால் வலிக்கிறவன் ரெண்டு படியா தாண்ட மாட்டான். பாதாள அறை விளக்கு சுவிட்ச் கதவுக்குப் பின்னால, பார்வைக்கே தெரியாத இடத்துல இருக்கு. தேடாமக் கைவிட்டுப் போட்டே. மிக்டாலியா மேலயும் கீழயும்னு மட்டும்தான் சொன்னா. நீ பதினொண்ணுன்னே. நாம மாடிக்கே போகல. அந்த வீட்டுக்கே நாம இன்னிக்குத்தான் முதல் தடவை போனோம். அவ போட்டுக் குடுத்த காபியையும் நீ தொடல. இப்ப ஜோக் சொல்லு, கேப்போம்."

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

நான் சொன்னேன். மூன்று வருடம் முன்னால், ஜூன் மாதம், கோலீன் கூப்பிட்டார். பழைய வீடு, பதினொரு ஜன்னல், இரண்டே நாளில் வெள்ளை அடிக்க வேண்டும். "சுரண்ட வேண்டாம் எஃப்ராயின், சும்மா மேல அடிச்சிடுங்க," என்றார். சுரண்டாமல் அடித்தால் ஆறு மாதத்தில் செதில் செதிலாக உரியும், என் பெயர் கெடும். முப்பது வருடத்தில் ஒரு ஜன்னலைக்கூட நான் அப்படி விட்டதில்லை. அவர் போன பிறகு பதினொன்றையும் மரம் தெரியச் சுரண்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தூசியைத் துடைப்பத்தால் கூட்டினேன். ஒரு வாளித் தூசி. மிச்சம் பலகை இடுக்குக்குள் போயிருக்கும்.

"ஈயம்னு அவ வாயால சொன்னாளா?"

"வாயால சொல்லல. ஒரு பேப்பர் குடுத்தாங்க. 'படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க'ன்னாங்க."

"படிச்சியா?"

"எனக்கு அப்ப படிக்கத் தெரியாது."

சின்ன வயதில் ஆப்பிள் தோட்டம் தோட்டமாக அறுவடைக் கூட்டத்தோடு போனவன் நான். என் பெயரை மட்டும் படம் வரைவதுபோல வரைவேன். ஒருவர் காகிதம் நீட்டினால் வரிகள்மேல் கண்ணை ஓட்டுவேன். எவ்வளவு நேரம் ஓட்டினால் நம்புவார்கள் என்று தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் ஓட்டினேன், தலையை ஆட்டினேன், பெயரை வரைந்தேன். பிறகு இரண்டு குளிர்காலம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன்.

வெர்லீன் மடியில் இருந்த சாவியைக் கையில் எடுத்தார். "கோலீன் தன்கிட்ட இருந்த நகலை இந்நேரம் கிழிச்சிருப்பா. போச்சு."

"மஞ்சள் கார்பன் நகல் என்கிட்ட இருக்கு."

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"படிக்கத் தெரியாதவன் எந்தக் காகிதத்தைத் தூக்கி எறிவான் மேடம்? எது முக்கியம்னு யாருக்குத் தெரியும்? முப்பது வருஷத்துக் காகிதமும் ஒரு காபி டின்ல இருக்கு. எழுத்துப் படிச்சதும் ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சேன். ஒரு பிப்ரவரி மாசம் இது வந்துது."

"நாலு வாரமா இந்தக் கேஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்திருக்கே."

"ஆமா."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு புரியுதா உனக்கு? அவளுக்குத் தெரியும்னு அது சொல்லும். உன்கிட்ட சொல்லிட்டாங்கன்னும் சொல்லும். சொன்ன பிறகும் நீ சுரண்டினேன்னு அவ வக்கீல் உன்மேல தள்ளுவான். தெரியாதுன்னு நீ சொன்னா, படிக்கத் தெரியாததை மறைச்சதுக்கு உன்னை நாள் முழுக்க நிக்க வச்சுக் கேப்பான்."

"தெரியும்."

அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வீட்டிலிருந்து காபி டின்னை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே மிக்டாலியா வீட்டுக்குப் போனோம். வெர்லீன் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடியும் வந்துட்டீங்களே தொன் எஃப்ராயின். காபி?"

வேண்டாம் என்றேன். கையைக் கழுவிவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மஞ்சள் காகிதத்தைப் பிரித்து, விரலை வரிக்கு அடியில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். 'இந்த வீட்டின் ஜன்னல்களில் ஈயம் கலந்த பெயிண்ட் இருப்பது எனக்குத் தெரிவிக்கப்பட்டது. சுரண்டவோ தேய்க்கவோ மாட்டேன். அதனால் எழும் தூசிக்கு நானே பொறுப்பு.' கீழே ஜூன் மாதத் தேதி. கோலீன் ஹார்ட்னெட்டின் அழகான கையெழுத்து. பக்கத்தில் நான் வரைந்த பெயர். பிறகு மீதியையும் சொன்னேன், காகிதத்தில் இல்லாததை.

நான் முடித்த பிறகு கேட்டாள்.

"எந்த ஜன்னல்?"

"பதினொண்ணும்."

"யாரி தூங்குற ரூம்லயுமா?"

"அங்கதான் முதல்ல ஆரம்பிச்சேன். வெளிச்சம் நல்லா இருந்துது."

யாரி மூடியைத் தூக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்து கையை நீட்டினாள். மிக்டாலியா அவளை வாரித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். காகிதத்தை எடுத்து, குழந்தைக்கு எட்டாத மேல் அலமாரியில் ஒரு தட்டுக்கு அடியில் வைத்தாள்.

"இதை ஜட்ஜ் முன்னாடியும் படிப்பீங்களா?"

"படிப்பேன்."

"சரி. அங்க பாக்கலாம், எஃப்ராயின்."

வெளியே வந்தேன். இறங்கும்போது இரண்டாவது படியை மிதித்தேன். ஆடியது.